பேட்டரி வண்டியில் எத்தனை யூனிட்?

"பேட்டரி வண்டி வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லது?" என்று கேட்டுப் பாருங்கள். "லைசென்ஸே வேண்டாம், ஐம்பதாயிரத்துக்குள்ள முடிஞ்சிடும்" என்பார் ஒருவர். "ரெண்டு வருஷத்துல பேட்டரி போயிடும், வண்டி விலையில பாதி கேப்பான்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் பதிலே சொல்லாமல், தீப்பிடித்து எரியும் ஸ்கூட்டர் வீடியோவை வாட்ஸப்பில் தட்டிவிடுவார். யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு வண்டியைப் பற்றிப் பேசுகிறார்கள். எல்லாவற்றுக்கும் பெயர் 'இ-பைக்' என்று இருப்பதால் வரும் குழப்பம் இது.

கையைக் கடிக்காத விலையில் ஒன்று வாங்க நினைத்து, ஷோரூம் அட்டையில் இருக்கும் வோல்ட், ஆம்ப், வாட் எல்லாம் என்னவென்று புரியாமல் திரும்பி வந்தவர்களுக்கானது இந்தக் கட்டுரை. இந்த மாடலை வாங்குங்கள் என்று எங்கும் சொல்லப் போவதில்லை. மாடலும் விலையும் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறிவிடுகின்றன. அந்த அட்டையைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

## ஒரே பெயரில் மூன்று வண்டிகள்

முதலாவது எலெக்ட்ரிக் சைக்கிள். பெடல் இருக்கும், மிதிக்கும்போது மோட்டார் கைகொடுக்கும். பக்கத்துத் தெரு, ரயில் நிலையம், டியூஷன் என்று போய்வர ஏற்றது. இதைப் பற்றி யாருக்கும் பெரிதாகக் குழப்பம் இல்லை என்பதால் இங்கேயே விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது 'லோ ஸ்பீடு' ஸ்கூட்டர். பார்க்க முழு ஸ்கூட்டர் மாதிரியே இருக்கும், ஆனால் நம்பர் பிளேட் கிடையாது. "லைசென்ஸ் வேண்டாம்" என்ற பேச்சு இதைப் பற்றித்தான். அதற்கு அடிப்படை மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குக் கீழே, அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே, பேட்டரியைக் கழற்றிவிட்டு எடை போட்டால் 60 கிலோவுக்குள். இவை எல்லாம் சேர்ந்து இருந்தால் சட்டத்தின் பார்வையில் அது மோட்டார் வாகனமே இல்லை. அதனால்தான் பதிவு, லைசென்ஸ், சாலை வரி, இன்சூரன்ஸ் எதுவும் கேட்பதில்லை.

மூன்றாவது, பதிவு செய்து ஓட்டும் 'ஹை ஸ்பீடு' ஸ்கூட்டர். பச்சை நிற நம்பர் பிளேட்டில் வெள்ளை எழுத்து. ஓசூரில் தயாராகும் ஏத்தர், டி.வி.எஸ். ஐக்யூப், போச்சம்பள்ளியில் தயாராகும் ஓலா, பஜாஜின் சேத்தக், ஹீரோவின் விடா எல்லாம் இந்த வகை. இதற்கு லைசென்ஸ், ஹெல்மெட், இன்சூரன்ஸ் எல்லாமே பெட்ரோல் வண்டிக்கு உள்ளது போலத்தான்.

சிக்கல் இரண்டாவது வகையில் இருக்கிறது. சில கடைகளில் "இந்த ஒரு ஒயரை எடுத்துவிட்டா 45 போகும் சார்" என்று காதோடு காதாகச் சொல்வார்கள். அந்த ஒயரை எடுத்த நிமிடமே வண்டி மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. பதிவு இல்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். யார் மீதாவது மோதிவிட்டால் நஷ்டஈட்டை உங்கள் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு வாங்கித் தருபவர்கள் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

ஆக, விலை கேட்கும் முன் எந்த வகை வண்டி என்று கேளுங்கள். நம்பர் பிளேட் இல்லாத வண்டியின் விலையையும் பச்சை பிளேட் வண்டியின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

## உங்கள் கரண்ட் பில்லில் உள்ள அதே யூனிட்

பேட்டரி எவ்வளவு பெரியது என்பதை 'கிலோவாட்-அவர்' என்று அட்டையில் போட்டிருப்பார்கள். பார்த்ததும் மிரள வேண்டாம். மின்வாரியம் மீட்டரில் எழுதிப்போகும் ஒரு யூனிட்தான் ஒரு கிலோவாட்-அவர். 2,000 வாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 3 கிலோவாட்-அவர் பேட்டரி என்றால் அதற்குள் மூன்று யூனிட் மின்சாரம் அடங்கும். இனி இந்தக் கட்டுரையில் யூனிட் என்றே சொல்கிறேன்.

குறைந்த விலை வண்டிகளின் அட்டையில் பல நேரம் யூனிட் எழுதியிருக்காது. '60 வோல்ட், 26 ஏ.ஹெச்.' என்று இருக்கும். இதைப் புரிந்துகொள்ள மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரால் எவ்வளவு வேலை வாங்கலாம் என்பது இரண்டைப் பொறுத்தது: தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அதில் எத்தனை லிட்டர் இருக்கிறது. உயரம்தான் வோல்ட். லிட்டர்தான் ஏ.ஹெச்., அதாவது ஆம்பியர்-அவர். இரண்டையும் பெருக்கினால் வாட்-அவர் வரும். அதை ஆயிரத்தால் வகுத்தால் யூனிட்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கடைக்காரர் எப்போதும் எந்த எண் பெரிதோ அதை மட்டும்தான் உரக்கச் சொல்வார். ஒரு வண்டி 48 வோல்ட், 30 ஏ.ஹெச். இன்னொன்று 72 வோல்ட், 24 ஏ.ஹெச். "இதுல 30 சார், அதுல வெறும் 24" என்பார். பெருக்கிப் பாருங்கள். முதலாவது 1,440, அதாவது ஒன்றரை யூனிட்கூட இல்லை. இரண்டாவது 1,728, ஒன்றே முக்கால் யூனிட்டை ஒட்டி. லிட்டர் குறைவுதான், ஆனால் தொட்டி ஒன்றரை மடங்கு உயரத்தில் இருக்கிறது. செல்போன் கால்குலேட்டரில் பத்து வினாடி வேலை.

அடுத்து வருவது கிலோவாட். பின்னால் 'அவர்' இல்லாதது. இது பேட்டரியின் அளவு இல்லை, மோட்டாரின் வலு. தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் எவ்வளவு பருமன் என்பது போல. குழாய் பெரிதாக இருந்தால் தண்ணீர் சீறிக்கொண்டு வரும்; ஆனால் தொட்டி பெரிதாகிவிடாது. 'பீக் பவர்' என்று போட்டிருப்பது சில வினாடிகளுக்கு மட்டும் மோட்டார் தரக்கூடியது. தொடர்ந்து தரக்கூடியது அதைவிடக் குறைவு. விளம்பரத்தில் எது இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வலு குறைந்தால் என்ன ஆகும்? வண்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏறும் மேம்பாலம். உண்மையிலேயே 250 வாட் மட்டும் தரும் மோட்டார் என்றால், அந்த ஏற்றத்தில் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் வேகம்தான் கணக்கில் வருகிறது. பின்னால் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். லோ ஸ்பீடு வண்டி சமதளமான ஊருக்கு, ஒற்றை ஆளுக்குச் சரி. ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் அந்தப் பக்கமே பார்க்க வேண்டாம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: யூனிட் தூரத்தைச் சொல்கிறது, கிலோவாட் வலுவைச் சொல்கிறது. வோல்ட்டும் ஏ.ஹெச்.சும் தனித்தனியாக எதையும் சொல்வதில்லை.

## "ஒரு சார்ஜுக்கு 150 கிலோமீட்டர்"

விளம்பரத்தில் வரும் தூரம் பெரும்பாலும் ஐ.டி.சி. என்ற சோதனையில் கிடைத்தது. இந்திய ஓட்டச் சுழற்சி என்று சொல்லலாம். 108 வினாடி நீளமுள்ள ஓர் ஓட்ட முறை. இவ்வளவு வினாடி முடுக்கு, இவ்வளவு வினாடி சீராகப் போ, பிறகு நிறுத்து என்று வகுத்திருப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டி, பேட்டரி தீரும்வரை எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்ப்பார்கள். இதில் தொடும் உச்ச வேகமே 42 கிலோமீட்டர்தான். சராசரி 22-க்குப் பக்கம். பின்சீட்டில் ஆளும் இல்லை, எதிர்க்காற்றும் இல்லை, காலுக்கடியில் அரிசி மூட்டையும் இல்லை.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம்? காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. 40-இல் போகும்போது காற்று தடுப்பதைவிட 60-இல் இரண்டே கால் மடங்கு தடுக்கும். பைபாஸில் விரட்டினால் பேட்டரி சதவீதம் கண்ணெதிரே இறங்குவது இதனால்தான். வண்டியில் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்குப் போய் சண்டை போட வேண்டியதில்லை.

ஐ.டி.சி. எண்ணை மட்டும் நம்பினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இரண்டு வண்டிகள் எடுத்துக்காட்டு. இரண்டும் 2025-இல் வந்தவை, அப்போது ஷோரூம் விலை இரண்டுக்கும் லட்சத்தை ஒட்டி. டி.வி.எஸ். ஆர்பிட்டரில் 3.1 யூனிட், சொல்லும் தூரம் 158 கிலோமீட்டர். சேத்தக் 3001-இல் 3.0 யூனிட், சொல்லும் தூரம் 127. எடை, டயர், மோட்டார் எல்லாம் வேறு என்பதால் கொஞ்சம் வித்தியாசம் வரலாம். ஆனால் பேட்டரி கிட்டத்தட்ட ஒன்றுதான். உங்கள் தெருவில், உங்கள் எடையோடு, உங்கள் அவசரத்தோடு ஓட்டும்போது இந்த 31 கிலோமீட்டர் இடைவெளி முழுதாக அப்படியே நிற்கும் என்று நான் நம்பமாட்டேன்.

விளம்பரத்தைத் தள்ளிவைத்துவிட்டு நீங்களே கணக்கிடலாம். நம் ஊர்ப் போக்குவரத்தில் ஒரு ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 30 முதல் 35 வாட்-அவர் சாப்பிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிதானமாக ஓட்டுபவருக்குக் குறையும், முறுக்குபவருக்குக் கூடும். 3 யூனிட்டுக்கு 85 முதல் 100 கிலோமீட்டர். 2.2 யூனிட்டுக்கு 63 முதல் 73.

இது புது பேட்டரிக்கான கணக்கு. சில வருடங்களில் அதன் கொள்ளளவு எண்பது சதவீதத்துக்கு இறங்கலாம். கடைசிப் பத்து சதவீதத்தை யாரும் நிம்மதியாக ஓட்டுவதில்லை. இரண்டையும் கழித்துவிட்டால் எளிய ஒரு வாய்ப்பாடு கிடைக்கும்: யூனிட்டை 20-ஆல் பெருக்குங்கள். 2.2 யூனிட்டுக்கு 44 கிலோமீட்டர், 3 யூனிட்டுக்கு 60. பேட்டரி பழசான பிறகும், அவசரமான நாளிலும், வழியில் நிற்காமல் வீடு வந்து சேரும் தூரம் இது.

உங்கள் அன்றாட ஓட்டம் 25, 30 கிலோமீட்டர் என்றால் 2.2 யூனிட் பேட்டரியே தாராளம். வருடத்துக்கு இரண்டு முறை குலதெய்வம் கோயிலுக்குப் போக வேண்டும் என்பதற்காக 4 யூனிட் வண்டிக்குப் பணம் போட வேண்டாம். அந்த இரண்டு நாளும் பஸ்ஸில் போகலாம்.

## பேட்டரிப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஐம்பதாயிரம் ரூபாய் வண்டிக்கும் லட்ச ரூபாய் வண்டிக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

மலிவான லோ ஸ்பீடு வண்டி பலவற்றில் இருப்பது லெட்-ஆசிட் பேட்டரி. வீட்டு இன்வெர்ட்டரின் உறவுக்காரர். சீட்டைத் தூக்கினாலோ கால் வைக்கும் தளத்தைக் கழற்றினாலோ 12 வோல்ட் பெட்டிகள் வரிசையாக இருக்கும். ஐந்து பெட்டி என்றால் 60 வோல்ட். நல்ல கனம். இந்த வகைக்கு ஆகாத ஒன்று, முழுதாகக் காலி செய்வது. பாதிக்கு மேல் தினமும் காலி செய்தால் ஆயுள் மளமளவென்று குறையும். அதனால் அட்டையில் 1.6 யூனிட் என்று இருந்தாலும் மனசாட்சியோடு பயன்படுத்தக்கூடியது அதில் பாதியும் கொஞ்சமும்தான். "ரெண்டு வருஷத்துல பேட்டரி போயிடும்" என்பது இந்த வண்டியைப் பற்றிய பேச்சு. தினமும் ஓட்டினால் அது பெரும்பாலும் உண்மையாகிவிடும்.

'கிராபீன் பேட்டரி' என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து ஏதோ விண்வெளித் தொழில்நுட்பம் என்று நினைக்காதீர்கள். நம் சந்தையில் இந்த விலை வண்டிகளில் அந்தப் பெயரோடு வருவது, கார்பன் சேர்த்துக் கொஞ்சம் மேம்படுத்திய லெட்-ஆசிட் பேட்டரிதான். சாதா லெட்-ஆசிட்டைவிட நன்றாக உழைக்கலாம். லித்தியம் ஆகிவிடாது.

பச்சை பிளேட் வண்டிகளில் இருப்பது லித்தியம்-அயான். அதே யூனிட்டுக்கு எடை மிகவும் குறைவு, தொண்ணூறு சதவீதம்வரை காலி செய்தாலும் தாங்கும். இதற்குள்ளும் இரண்டு குலம். என்.எம்.சி. என்பது நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் சேர்ந்தது. சின்ன இடத்தில் நிறைய மின்சாரம் அடங்கும். எல்.எஃப்.பி. என்பது இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்தது. கொஞ்சம் பெரிது, கொஞ்சம் கனம்; ஆனால் சூட்டை அதிகம் தாங்கும், அதிக முறை சார்ஜ் ஏற்றலாம். வேலூர், திருச்சி வெயிலில் வண்டியை நிழலில்லாத இடத்தில் நிறுத்த வேண்டிய ஆளாக இருந்தால், இரண்டும் கிடைக்கும் விலையில் நான் எல்.எஃப்.பி. பக்கம்தான் சாய்வேன்.

கடைக்காரருக்கே எது என்று தெரியாவிட்டால் பேட்டரியின் மேல் உள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள். எல்.எஃப்.பி.யின் ஒரு செல் 3.2 வோல்ட். பதினாறு செல்லை வரிசையாகக் கோத்தால் 51.2. என்.எம்.சி.யின் ஒரு செல் 3.6 அல்லது 3.7. பதினான்கைக் கோத்தால் 50.4 அல்லது 51.8. விற்பவர் இரண்டையும் "48 வோல்ட் பேட்டரி" என்றுதான் சொல்வார். ஸ்டிக்கரில் 51.2 என்று இருந்தால் உள்ளே இருப்பது அநேகமாக எல்.எஃப்.பி.

இத்தனை செல்களையும் மேய்க்க ஒரு மின்சுற்றுப் பலகை உண்டு. அதற்குப் பெயர் பி.எம்.எஸ்., பேட்டரி மேலாண்மை அமைப்பு. ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் பேட்டரியின் சூட்டையும் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு செல் அளவுக்கு மேல் நிரம்பினாலோ, சூடு ஏறினாலோ மின்சாரத்தைத் துண்டித்துவிடும். நல்ல செல்லும் மோசமான பி.எம்.எஸ்.சும் சேர்ந்த பேட்டரியைவிட, சுமாரான செல்லும் நல்ல பி.எம்.எஸ்.சும் சேர்ந்தது பாதுகாப்பானது. மலிவுக்காகக் கைவைப்பதும் பெரும்பாலும் இதில்தான்.

தீ விபத்து வீடியோக்களுக்கு வருவோம். 2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் சிக்கித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் வேறு இடங்களிலும் வண்டிகள் எரிந்தன. லித்தியம் செல் ஒன்று பழுதாகி அளவுக்கு மேல் சூடானால், அந்தச் சூடே உள்ளே வேதிவினையைத் தூண்டி மேலும் சூடாக்கும். பக்கத்துச் செல்லும் பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றினாலும் லேசில் அடங்காது. இதைத் தொடர்ந்து பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்பு விதியை அரசு கடுமையாக்கியது. 2022 டிசம்பர், 2023 மார்ச் என இரண்டு கட்டமாக அது நடைமுறைக்கு வந்தது. செகண்ட் ஹேண்டில் பேட்டரி வண்டி வாங்குபவர்கள், தயாரித்த தேதி அதற்கு முன்னா பின்னா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

நாம் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் சொருகாதீர்கள். வெயிலில் ஓட்டி வந்தவுடன் சார்ஜ் போடாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். வீட்டை விட்டு வெளியேற ஒரே வழிதான் என்றால் அந்த வழியில் வண்டியை நிறுத்தி இரவில் சார்ஜ் போடாதீர்கள்.

சுருக்கமாக: லெட்-ஆசிட்டா லித்தியமா என்பது முதல் கேள்வி. லித்தியம் என்றால் எந்த வகை என்பது அடுத்தது. ஏ.ஐ.எஸ். 156 சான்று பற்றிக் கேட்கும்போது விற்பவர் விழித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

## எது மலிவு?

பயன்படுத்தக்கூடிய ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று பார்த்தால் படமே மாறிவிடுகிறது. 55,000 ரூபாய் லெட்-ஆசிட் வண்டி, அட்டையில் 1.6 யூனிட், கைக்கு வருவது சுமார் 0.9. ஒரு யூனிட்டுக்கு 61,000 ஆகிறது. லட்ச ரூபாய் லித்தியம் வண்டி, அட்டையில் 3 யூனிட், கைக்கு வருவது 2.7. ஒரு யூனிட்டுக்கு 37,000. முதல் வண்டிக்கு இரண்டு வருடத்தில் பேட்டரி மாற்றும் செலவு தனி.

அதற்காக லோ ஸ்பீடு வண்டி வாங்குவதே தப்பு என்று சொல்லமாட்டேன். தினமும் ஐந்தாறு கிலோமீட்டர், லைசென்ஸ் எடுக்க முடியாத வயதானவர், தெருக்கடைக்குப் போய்வருவது என்றால் அதுவே போதும். தினம் முப்பது கிலோமீட்டர் வேலைக்குப் போகிறவருக்குத்தான் அது விலையுயர்ந்த வண்டி.

விலைப் பலகையில் இன்னும் சில வளைவுகள் உண்டு. அரசு மானியமும் யூனிட் கணக்கில்தான் கொடுக்கப்பட்டது. ஃபேம்-2 திட்டத்தில் 2021 முதல் யூனிட்டுக்கு 15,000 ரூபாய் கிடைத்தது. 2023 ஜூனில் அது 10,000 ஆனது. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவில் 5,000, அடுத்த ஆண்டு அதிலும் பாதி. பழைய வீடியோவில் சொல்லும் விலைக்கும் இன்று ஷோரூமில் சொல்லும் விலைக்கும் இடையே உள்ள தூரத்துக்கு இது ஒரு காரணம். சாலை வரிச் சலுகையும் இப்படிக் காலக்கெடுவோடு வருவதுதான். வாங்கும் நாளில் கேட்டுக்கொள்ளுங்கள். சார்ஜருக்கும் கூடுதல் சாஃப்ட்வேர் வசதிகள் அடங்கிய 'பேக்'குக்கும் தனி விலை போட்டு, வண்டி விலையைக் குறைத்துக் காட்டும் பழக்கமும் இருந்தது. சில நிறுவனங்கள் 2023-இல் சார்ஜர் பணத்தை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர வேண்டி வந்தது. ஆகவே சார்ஜர், பேக், பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து "ரோட்டுக்கு வர மொத்தம் எவ்வளவு?" என்று எழுதி வாங்குங்கள்.

புதிதாக வந்திருப்பது பேட்டரி வாடகை. வண்டியை மட்டும் அறுபதாயிரம் ரூபாய் அளவில் வாங்கிக்கொள்ளலாம்; பேட்டரி கம்பெனியுடையது, ஓட்டும் கிலோமீட்டருக்குப் பணம் கட்ட வேண்டும். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்றால், தினம் 30 ஓட்டுபவருக்கு மாதம் 900. ஐந்து வருடத்தில் 54,000. கரண்ட் செலவு அதில் சேராது. கையில் மொத்தப் பணம் இல்லாதவருக்கு உதவியாக இருக்கும். ஆனால் ஓட்டாத மாதத்துக்கும் குறைந்தபட்சக் கட்டணம் உண்டா, ஒப்பந்தம் முடிந்தால் பேட்டரி யாருக்கு, இடையில் வண்டியை விற்றால் என்ன ஆகும் என்ற மூன்றுக்கும் பதில் தெரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

## வீட்டு கரண்ட்

தினம் 30 கிலோமீட்டருக்கு வண்டி எடுப்பது சுமார் ஒரு யூனிட். சார்ஜரில் சூடாகப் போகும் இழப்பையும் சேர்த்தால் ஒன்றேகால் யூனிட்டுக்குள் அடங்கும். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று போட்டாலும் பத்து ரூபாய். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு அதே தூரத்துக்கு, லிட்டர் நூறு ரூபாய் கணக்கில், 67 ரூபாய்.

தமிழ்நாட்டில் ஒரு சிறு உள்குத்து இருக்கிறது. இரண்டு மாதக் கணக்கெடுப்பில் வண்டிக்கு மட்டும் 70 யூனிட்டைத் தொடும். இதுவரை 450 யூனிட்டில் நின்ற வீடு 500-ஐத் தாண்டிவிடும். அப்படித் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுகளுக்கு விலை கூடுவதோடு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்துவந்த குறைந்த கட்டணமும் போய்விடும். பில் திடீரென்று எகிறியது போலத் தெரியும். பழியை வண்டி மேல் மட்டும் போட முடியாது, ஏ.சி.க்கும் பங்கு உண்டு.

சார்ஜ் நேரத்தையும் நீங்களே கணக்கிடலாம். பேட்டரி வாட்-அவரைச் சார்ஜர் வாட்டால் வகுங்கள். 3,000-ஐ 750-ஆல் வகுத்தால் நான்கு மணி நேரம், இழப்புக்காக இன்னும் அரை மணி. ஆனால் சொருகும் பிளக்கில் எர்த் ஒழுங்காக இருக்க வேண்டும். பழைய வீடு என்றால் வண்டி வரும் முன் எலெக்ட்ரீஷியனை ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். மாடி வீட்டில் குடியிருந்து, கீழே பிளக் பாயிண்ட்டும் இல்லை, வீட்டுக்காரரும் விடமாட்டார் என்றால் கழற்றி எடுத்துப் போகும் பேட்டரி உள்ள வண்டிதான் வழி. ஷோரூமிலேயே அதைக் கையில் தூக்கி, நான்கு படி ஏறிப் பாருங்கள். பத்துக் கிலோ என்று காகிதத்தில் படிப்பது வேறு, தினமும் மூன்று மாடி தூக்குவது வேறு.

## மழை, வாரண்டி, மெக்கானிக்

'ஐ.பி. 67' என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். முதல் எண் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் உள்ளே புகாது என்று சோதித்திருக்கிறார்கள். இது பேட்டரிக்கு மட்டுமா, மோட்டாருக்கும் கண்ட்ரோலருக்குமா என்று கேளுங்கள். கண்ட்ரோலர் என்பது பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருந்து, நீங்கள் முறுக்குவதற்கு ஏற்ப மின்சாரத்தை அளந்து விடும் பெட்டி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் பல தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. அந்த மாதிரி வெள்ளத்துக்கு எந்த ஐ.பி. எண்ணும் பொறுப்பேற்காது. தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் வெள்ளச் சேதத்தையும் உள்ளடக்கிய இன்சூரன்ஸா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரண்டியில் வருடத்தை மட்டும் பார்க்காமல் கிலோமீட்டரையும் பாருங்கள். மூன்று வருடம் அல்லது 30,000 கிலோமீட்டர் என்றால் எது முதலில் வருகிறதோ அதோடு முடிந்தது. தினம் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டும் டெலிவரி தம்பிக்கு இரண்டு வருடம்கூட வராது. பேட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்று வாரண்டிப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். 70 சதவீதம் என்று தெளிவாகப் போட்டிருக்கும் கம்பெனியும் உண்டு, "தயாரிப்புக் குறைபாடு மட்டும்" என்று முடித்துக்கொள்ளும் கம்பெனியும் உண்டு. இரண்டாவதில், வண்டி பாதி தூரம்தான் ஓடுகிறது என்று போய் நின்றால் "தேய்மானம் சார்" என்று அனுப்பிவிடலாம்.

சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம் என்பது சென்னை, கோவையில் இருப்பவர்களுக்குப் பெரிய கேள்வி இல்லை. சங்கரன்கோவில், திருத்துறைப்பூண்டி பக்கம் இருப்பவர்களுக்கு அதுதான் முதல் கேள்வி. பெட்ரோல் வண்டி வழியில் நின்றால் தெருமுனை மெக்கானிக் எதையாவது தட்டி ஓட வைத்துவிடுவார். இதில் கண்ட்ரோலர் போனால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அதே வண்டியை உங்கள் ஊரில் ஒரு வருடமாக ஓட்டுபவர் ஒருவரைக் கண்டுபிடித்து, பாகம் வர எத்தனை நாள் ஆனது என்று கேளுங்கள். யூடியூப் விமர்சனம் பத்து பார்ப்பதைவிட இது மேல்.

டெஸ்ட் ரைடுக்குப் போகும்போது வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிப் போங்கள். முழு சார்ஜில் பளபளவென்று நிற்கும் டெமோ வண்டியை வேண்டாம் என்று சொல்லி, 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது இருக்கிறதா என்று கேளுங்கள். சார்ஜ் குறைந்ததும் பல வண்டிகள் மோட்டாரின் வலுவைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். பின்சீட்டில் ஆளை ஏற்றிக்கொண்டு பக்கத்தில் உள்ள மேம்பாலத்தில் அதை ஏற்றிப் பாருங்கள். மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து திரும்பும்போது உங்களுக்குக் கிடைக்கப்போவது அந்த வண்டிதான்.